பத்தாயிரமாவது டின்

காவேரிப்பட்டினம். ஜூன் மாதத்து மூன்று மணி.
பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள்
கேட்டிலிருந்து ஆற்றுப் பாலம் வரை நிற்கின்றன.
உள்ளே, கூழ் நிரப்பும் எந்திரத்தைக் காட்டி
முனிரத்தினம் சொன்னார்:
"காலையில கறவைப் பசு. மூணு மணிக்கு மேல உதைக்குது."

எண்ணூற்று நாற்பது மில்லிசெகண்ட் திறந்து
மூட வேண்டிய வால்வு.
மூட மனசில்லாமல் இழுக்கிறது சில தடவை.
தராசடியில் சாக்கம்மா
டின்னைக் கையில் தூக்கியே சொல்கிறாள்,
"இதுல முப்பது கிராம் சாஸ்தி."
தராசு அவளுக்குப் பிறகு ஒப்புக்கொள்கிறது.

ஸ்கோப்பின் கொக்கியைச் சிப்பின் காலில் மாட்டினேன்.
சதுரமாக நிற்க வேண்டிய அலை
ஓரத்தில் நடுங்கியது,
மார்கழியில் தளிப் பக்கம் வாய் கொப்பளிக்கிறவன் மாதிரி.

முதலில் கிரிஸ்டலைச் சந்தேகித்தேன்.
அதையும், அதன் இருபுறமும் இருந்த
மிளகளவு கெபாசிட்டர்களையும் மாற்றினேன்.
நடுக்கம் அப்படியே.
பிறகு கரண்ட்டை.
பாய்லர் மோட்டார் எழும்போதெல்லாம்
டியூப்லைட் கண் சிமிட்டும் இடம் இது.
தனி சப்ளை, தனி எர்த், வால்வு வயரைத் தள்ளி இழுத்துக் கட்டியது.
அப்படியே.
பிறகு வெயிலை.
ஐஸ்கட்டியைப் பாலிதீனில் சுற்றிச் சிப்பின் தலையில் வைத்தேன்.
முனிரத்தினம் சிரிக்கவில்லை.
தானே போய் இன்னொரு கட்டி கொண்டுவந்தார்.

நடுவில் போன். ஓசூரிலிருந்து கெம்பராஜ் சார்.
அரை மணிக்கொரு தடவை அவருக்கு நிலவரம் வேண்டும்.
"பார்த்துட்டிருக்கேன் சார்."
பார்ப்பதை நிறுத்திவிட்டு
பார்த்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன்.
இது நாலாவது தடவை.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடும்," என்றாள் சாக்கம்மா,
"தெனமும் அதான் செய்யறோம்."
எத்தனை மணிக்குக் கெடும்?
"மணியெல்லாம் தெரியாது.
எட்டாவது பேலட் கட்டி முடிச்சா கெட்டுப்போகும்."

பேலட்டுக்கு ஆயிரத்து இருநூற்று ஐம்பது.
எட்டு.
சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் வைத்தேன்.

போன தை மாதம் நானே எழுதி
நானே மறந்த வரி அது.
பத்து மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை
டிக் விழும் இடத்துக்குள்ளேயே உட்கார்ந்து
டின் எண்ணையும் கூடவே ஒரு 'ஓகே'யையும்
சீரியல் வயரில் அனுப்பிக்கொண்டிருந்தது.
வயரின் மறுமுனையில் யாருமில்லை.
என் லேப்டாப் அங்கிருந்து கிளம்பி ஐந்து மாதம்.

பத்து மில்லிசெகண்டில்
ஒன்பது எழுத்தைக் கடத்தும் அந்த வயர்.
பத்தாவதுக்கு மூச்சு போதாது.
9999 வரை, இடைவெளி வரிமுடிவு எல்லாம் சேர்த்து, ஒன்பது.
10000 வந்தால் பத்து.
மிஞ்சியது வரிசையில் நிற்கும்,
அதன் பின்னால் இன்னொன்று,
பாலம் வரை லாரி.
வரிசை நிரம்பியதும்
சிப் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு
வழி கிடைக்கும் வரை நிற்கும்,
நேரத்துக்கு வந்துவிட்டேன் என்று சொல்ல.
வால்வு திறந்தே இருக்கும்.

தையில் மாங்காய் இல்லை.
ஒரு நாளைக்கு இரண்டாயிரம் டின் தாண்டியதில்லை.
அதனால்தான் அப்போது எல்லாம் ஓகே.

வரியை அழித்தேன். ஒன்றே ஒன்று.
மறுபடி எட்டுப் பேலட் காத்திருக்க முடியாதென்று
எண்ணிக்கையை 9990-இல் தொடங்க வைத்தேன்.
போன் அதிர்ந்தது.
மேசை மேலேயே அதிர்ந்து நகர்ந்து
ஐஸ் உருகிய தண்ணீருக்குள் போய் நின்றது.

பத்து டின்கள் போயின.
பதினொன்று. பன்னிரண்டு.
ஸ்கோப்பில் ஓரம் கத்தி மாதிரி.
நான் ஸ்கோப்பைப் பார்க்கவில்லை.
சாக்கம்மாவின் கையைப் பார்த்தேன்.

தூக்கினாள்.
ஒரு நொடி வைத்திருந்தாள்.
சரி என்று சொல்லவில்லை.
அடுத்த டின்னை எடுத்தாள்.